இரண்டு குருவியும் ஒரு வரைபடமும்

இப்போது எங்கள் காட்டுயிர்த் துறையில் வேலைக்குச் சேருகிற பிள்ளைகள் கையில் ஜி.பி.எஸ்ஸோடும் முதுகில் தண்ணீர்ப் போத்தலோடும் காட்டுக்குள் போய்வருகிறார்கள். வந்து, "மிஸ், உங்கட காலத்தில இந்தக் கணக்கெடுப்பெல்லாம் எப்பிடிச் செஞ்ச நீங்க?" என்று கேட்கிறார்கள். எங்கள் காலத்தில் கணக்கெடுக்கப் போனவரையே தேடித் திரிந்தோம் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நான் அந்தத் துறையின் மட்டக்களப்புக் கந்தோரில், அதாவது அலுவலகத்தில், தட்டெழுத்தாளராக இருந்தவள். நடந்ததை ஒழுங்காகவே சொல்லிவிடுகிறேன்.

1. காக்கா ஓடி வந்த காலை

நான் தட்டெழுத்து இயந்திரத்தின் உறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். சுலைமான் காக்கா ஓடி வந்தார். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் காக்கா என்போம். அவர் ஓடியதே ஒரு புதினமான காட்சி. அவர் எங்கள் கந்தோர் ஜீப்பின் சாரதி. டீசல் பெர்மிட் கிடைக்காமல் ஜீப் நின்று பல காலம். ஏறாவூரிலிருந்து ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் வந்து, நிற்கிற ஜீப்பில் ஏறி இருந்து, கண்ணாடியைத் துடைத்து, பின்னேரம் இறங்கிப் போவார். ஜீப்பே ஓடாத கந்தோரில் சாரதி ஓடுவானேன்?

"மிஸ், சேரப் புடிச்சிட்டானுகள். பாலத்தடி செக்பொயிண்டில. பைனாகுலரும் மெப்பும் கையோட."

"எந்த மெப்?"

"கரிச்சான் மெப்."

நான் அப்படியே கதிரையில் இருந்துவிட்டேன். கரிச்சான் குருவிகளைக் குறித்த அந்த வரைபடத்துக்கு மை போட்டுக் கொடுத்தவளே நான்தான்.

சேர் என்றால் தில்லையம்பலம் சேர். எங்கள் கந்தோரின் பொறுப்பு உத்தியோகத்தர். ஐம்பது தாண்டியவர், ஒல்லி, தடித்த கண்ணாடி, ஆஸ்துமா என்கிற இழுப்பு வருத்தக்காரர். பொய் சொல்லத் தெரியாத மனிதர். அந்தக் காலத்தில் அதைவிட ஆபத்தான வருத்தம் வேறு இல்லை.

2. காட்டைக் காத்த விதம்

மட்டக்களப்பு வாவியின் கிழக்குப் பக்கத்தை எழுவான்கரை என்போம், மேற்குப் பக்கத்தைப் படுவான்கரை என்போம். சூரியன் எழுகிற பக்கம், படுகிற பக்கம். யுத்தம் வந்த பிறகு எழுவான்கரை அரசாங்க இராணுவமான ஆமியிடமும் படுவான்கரை அதை எதிர்த்துப் போராடிய இயக்கத்திடமும் இருந்தது. இரண்டு கரைக்கும் பாஸ் இல்லாமல் போய்வந்தது சூரியன் மட்டும்தான்.

காடுகள் எல்லாம் படுவான்கரையில். காட்டையும் காட்டுயிர்களையும் காக்க வேண்டிய எங்கள் கந்தோர் எழுவான்கரையில், நகரத்துக்குள், ஓர் ஓட்டுக் கட்டடத்தில். வருடக்கணக்காக நாங்கள் யாரும் ஒரு காட்டுக்குள்ளும் கால் வைக்கவில்லை. ஆனால் மாதாந்த அறிக்கை தவறவில்லை. "குறிப்பிட்ட பிரதேசங்களில் மாற்றம் எதுவும் இல்லை" என்று தட்டெழுதி அனுப்புவேன். ஒரு முறை ஷெல் விழுந்து கந்தோரின் பின்சுவர் போனது. அந்த மாதமும் மாற்றம் எதுவும் இல்லை என்றே அனுப்பினேன். சுவரைப் பற்றி எழுத அந்த அறிக்கையில் இடம் விடப்பட்டிருக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் கொழும்புத் தலைமைக் கந்தோரிலிருந்து, வெளிநாட்டு மாநாடு ஒன்றுக்காக, ஒரு சுற்றறிக்கை வந்தது. வழக்கம்போலச் சிங்களத்தில். காக்கா வாசித்துச் சொல்ல, சேர் ஆங்கிலத்தில் குறிப்பெடுக்க, நான் தமிழில் தட்டெழுதினேன். ஒவ்வொரு மாவட்டமும் நெருங்கிய உறவுடைய இரண்டு பாட்டுக்குருவிகளை ஒப்பிட வேண்டும். எங்கெங்கே இருக்கின்றன, எந்த நிலையில் இருக்கின்றன, குறைந்திருந்தால் காரணம் என்ன என்று எழுத வேண்டும். ஒவ்வொரு குருவியும் பாடுகிற இடத்துக்கு வரைபடத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். அடர்ந்த காடுகளில் விடிவதற்கு முன் நடந்து கேட்பது சிறந்தது என்றும் அறிவுரை இருந்தது. விடிவதற்கு முன் இங்கே ஊரடங்கு என்பதைச் சுற்றறிக்கை எழுதியவருக்குக் கொழும்பில் யாரும் சொல்லவில்லைப்போலும்.

கூடவே குருவிச் சத்தம் பதிந்த ஒரு கசெட்டும் அனுப்பியிருந்தார்கள். அதைப் போட்டுக் கேட்கப் பற்றரி வேண்டும். பற்றரியோடு பாலம் கடந்தால் குண்டு செய்யப் போகிறாய் என்று ஆமி பிடிப்பான். கசெட் என் மேசையின் இழுப்பறை லாச்சியிலேயே கிடந்தது.

சேருக்கு ஆனால் முகம் மலர்ந்துவிட்டது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு ஒரு வேலை. "கரிச்சானையும் சோலைப்பாடியையும் எடுப்பம் மிஸ்" என்றார். "ஒரே குடும்பம். ஒண்டு வீட்டுக்காரன், மற்றது காட்டுக்காரன்."

3. வீட்டுக்காரனும் காட்டுக்காரனும்

கரிச்சானை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆண் என்றால் பளபளக்கும் கறுப்பு, வெள்ளை வயிறு, செட்டையில் ஒரு வெள்ளைக் கோடு, எந்நேரமும் தூக்கின வால். பெண்ணுக்குக் கறுப்பு இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல். மனிதன் இருக்கிற இடத்தில்தான் இருக்கும். மரப்பொந்து, சுவரில் ஓட்டை, உடைந்த குழாய், எதற்குள்ளும் கூடு வைக்கும். பாட வேண்டும் என்றால் அந்த வட்டாரத்திலேயே உயர்ந்த இடத்தில் ஏறி நின்றுதான் பாடும். தன் எல்லைக்குள் வேறொரு ஆணை விடாது. சேர் இதை 'டெரிட்டரி' என்பார்.

சோலைப்பாடி அதன் சொந்தக்காரன். தலையும் முதுகும் கறுப்பு, வயிறு செங்கல் நிறம், வால் அடியில் ஒரு வெள்ளைத் திட்டு, நீண்ட வால். காட்டின் அடியில், பற்றைப் புதருக்குள் இருக்கும். ஆளைக் கண்டால் மறைந்துவிடும். விடிகிற கருக்கலிலும் பொழுதுபட்ட பிறகும் பாடும். பாட்டு என்றால் பாட்டு, கரிச்சான் பிச்சை வாங்க வேண்டும். சில நாடுகளில் இதைப் பிடித்துக் கூண்டில் அடைத்துப் போட்டி நடத்துகிறார்களாம். நல்லாய்ப் பாடியதற்குக் கிடைத்த பரிசு சிறை. சிங்களத்தில் கரிச்சான் பொல்கிச்சா, சோலைப்பாடி வல் பொல்கிச்சா, அதாவது காட்டுப் பொல்கிச்சா என்று காக்கா சொன்னார்.

சேர் கரிச்சானில் தொடங்கினார். ஊரடங்கு விலகினதும் சைக்கிளில் போவார், வருவார். கைக்குறிப்பைப் பார்த்து நான் வரைபடத்தில் சிவப்பு மையால் புள்ளி வைப்பேன். 'உயர்ந்த கம்பம்', 'தண்ணீர்த் தாங்கி', 'இரண்டு மாடி வீட்டின் உடைந்த சுவர்' என்று பக்கத்தில் சிறிய எழுத்தில் எழுதுவேன். அழகான வரைபடம். என் கையெழுத்து அப்போது நல்லாய் இருந்தது.

இங்கேதான் பிழை நடந்தது. நகரத்தில் உயர்ந்த கம்பம் என்றால் எது? ஆமியின் தொலைத்தொடர்புக் கம்பம். தண்ணீர்த் தாங்கியில் மண்மூட்டை அடுக்கியிருந்தது. சுவர் உடைந்த வீடுகளின் சொந்தக்காரர்கள் எப்போதோ போய்விட்டார்கள், ஆமிதான் இருந்தான். ஓட்டை விழுந்த சுவரும் அங்கே, உயரமும் அங்கே. கரிச்சான் வேறு எங்கே போகும்?

அப்போது இது ஏன் உங்களுக்குத் தெரியவில்லை என்று நீங்கள் கேட்கலாம். சென்ரியை, காவலுக்கு நிற்கிறவனை, நிமிர்ந்து பார்க்கக் கூடாது என்பது அன்றைய ஊர் வழக்கம். பார்த்தால் "ஏன் பார்த்தாய்" என்று கேட்பான். ஆகவே சென்ரி இருக்கிற இடங்களில் தலையைக் குனிந்து நடந்து நடந்து, அவை கண்ணிலேயே படாத பழக்கம் எங்களுக்கு வந்துவிட்டது. சேர் குருவியைப் பார்த்தார், அதன் காலடியில் இருந்த கம்பத்தைப் பார்த்தார். கம்பத்தின் காலடியில் துவக்கு ஏந்தி நின்ற ஆமிக்காரனைப் பார்க்கவில்லை. நானும் புள்ளி வைக்கிறபோது நினைக்கவில்லை. நகரத்தில் எந்தெந்த இடத்தில் ஆமி இருக்கிறான் என்பதைச் சிவப்பு மையில், பிசகில்லாமல், அரசாங்கக் கடதாசியில் வரைந்து வைத்திருந்தோம்.

அதை எடுத்துக்கொண்டு, மற்றப் பாதி வேலைக்குப் படுவான்கரைக்குப் போக, பைனாகுலரையும் கழுத்தில் மாட்டிக்கொண்டு மனுசன் செக்பொயிண்டுக்குப் போயிருக்கிறார்.

4. கெப்டனின் கணக்கு

அந்தக் காலத்தில் ஆண்களைப் பிடித்தால் முகாம் வாசலுக்குப் போவது பெண்கள்தான். ஆண் போனால் பிறகு இரண்டு பேரைத் தேட வேண்டிவரும். எனவே காக்கா ஜீப்பில் ஏறி இருந்துகொண்டார். நானும் சேரின் மனைவி சரசக்காவும் போனோம். சரசக்கா கையில் ஒரு சோற்றுப் பார்சல், சேரின் இழுப்பு மருந்துக் குளிசை.

கெப்டன் இளம் ஆள். ஆங்கிலமும் அரைத் தமிழும் பேசினார். மேசையில் எங்கள் வரைபடம் விரித்துக் கிடந்தது.

"இது என்ன மிஸ்?"

"கரிச்சான், சேர். பொல்கிச்சா."

"பொல்கிச்சா எனக்குத் தெரியும். எங்கட வீட்டு வாசல்லயும் இருக்கு. ஆனா இது ஏன் எங்கட காம்ப்பில மட்டும் இருக்கு?"

"அந்த இடங்கள்தான் சேர் உயரம்."

"அந்த ஆளும் இதத்தான் சொல்றார்" என்றார் கெப்டன். "மூணு தரம் கேட்டன். மூணு தரமும் டெரிட்டரி எண்டு பாடம் நடத்துறார். ஆர்ட டெரிட்டரி எண்டு கேட்டா, குருவிட எண்டு சொல்றார்."

சரசக்கா தலையில் கை வைத்தா. "அந்தாள் வீட்டிலயும் இப்பிடித்தான் ஐயா" என்றா.

கெப்டன் சுற்றறிக்கையையும் எடுத்து வைத்திருந்தார். அவருக்கு அதை வாசிக்கக் காக்கா தேவைப்படவில்லை. ஒரு வரியில் விரலை வைத்தார்.

"ஒப்பிடுறது எண்டா ரெண்டு வேணும். இங்க ஒண்டுதான் இருக்கு. எங்கட பக்கத்த மட்டும் கீறினவன் ஆர்? உளவாளி. ரெண்டு பக்கத்தையும் கீறினவன் ஆர்? அரசாங்க உத்தியோகத்தர். மற்றக் குருவிட மெப்பையும் கொண்டு வாங்க. இதே மாதிரி வடிவா, ஒவ்வொண்டுக்கும் ஒரு புள்ளி. வெள்ளிக்கிழமைக்குள்ள வந்தா ஆள் வீட்டுக்கு. இல்லாட்டி ஆள் கொழும்புக்கு."

கொழும்புக்கு அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பது எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெளியே வந்ததும் சரசக்கா என் கையைப் பிடித்தா.

"புள்ள, அவன் கேக்கிறதக் கீறிக் குடுத்திரு. என்னத்தையாவது கீறிக் குடுத்திரு. அந்தாளுக்கு இழுப்பு, ஒரு கிழமை முழுக்கத் தாங்காது."

"செய்யிறன்கா" என்றேன். கெப்டன் கேட்டது குருவியை இல்லை, இயக்கத்தின் இடங்களை என்பது எனக்கு விளங்காமல் இல்லை. செங்கல் நிற வயிற்றோடு பற்றைக்குள் ஒளிகிற ஒரு சாதி எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று அறிய ஆமி கெப்டனுக்கு அவ்வளவு ஆசை வந்தது அந்த வருடத்தில்தான்.

5. படுவான்கரை

ஏன் நான் போனேன் என்றால், வேறு யாரும் போக முடியாது. கந்தோரில் மிச்சம் இருந்தது நானும் காக்காவும் ஜீப்பும்தான். நான் மண்டூர்க்காரி. என் அக்கா கரடியனாற்றில் கலியாணம் முடித்திருந்தா. இரண்டும் படுவான்கரை. ஒரு பொம்பிளை அக்கா வீட்டுக்குப் போவதை இரண்டு பக்கமும் தடுக்கவில்லை. கையில் ஒரு பென்சிலும் அக்காவின் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் பிஸ்கட்டும். பாலத்தில் நின்ற ஆமி பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு பென்சிலை விட்டுவிட்டான். எது ஆபத்து என்று அவனுக்குத் தெரியவில்லை.

போய் இறங்கிய பின்னேரமே இயக்கத்தின் பொறுப்பாளர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். என்னைவிட வயது குறைந்த பையன். மேசை, கதிரை, கடதாசிக் கட்டு, இறப்பர் முத்திரை எல்லாம் இருந்தன. கந்தோர் என்றால் எந்தப் பக்கமும் கந்தோர்தான்.

"அக்கா, உங்கட சேர் ஆமிட்ட இரிக்காராம். நீங்க குருவி எண்ண வந்தீங்களாம். உண்மையா?"

"ஓம் தம்பி."

"எங்கட பக்கம் குருவி புடிச்சா தண்டம், தெரியுமா? காடு வெட்டினாலும் தண்டம். உங்கட அரசாங்கத்த விட நாங்க நல்லாப் பாக்கிறம்."

"நல்லம் தம்பி. கொழும்புக்கு எழுதுறன்."

அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் முன்னுக்குக் குனிந்தார். "அந்தப் பக்கம் கரிச்சான் எங்க எங்க நிக்கிதெண்டு உங்கட சேர் மெப் கீறினவராமே. அதுட கொப்பி ஒண்டு இரிக்கா?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. தலைமைக் கந்தோர் வருடக்கணக்காகச் சுற்றறிக்கை அனுப்பியும் மட்டக்களப்பில் ஒருவருக்கும் குருவி மேல் ஆசை வரவில்லை. ஒரு வரைபடத்தோடு இரண்டு படைக்கும் வந்துவிட்டது. ஆமிக்குக் காட்டுக் குருவி வேண்டும், இயக்கத்துக்கு ஊர்க் குருவி வேண்டும்.

"அது ஆமிட மேசையில கிடக்கு தம்பி. அதாலதான் சேரும் அங்க கிடக்கார்."

"சரி. நீங்க எண்ணுங்க. ஆனா எங்கட காம்ப்புப் பக்கம் எந்தக் குருவியும் இல்ல. விளங்குதா?"

"உங்கட காம்ப் எங்க எண்டு சொன்னாத்தானே தம்பி அங்க குருவி இல்ல எண்டு எழுதலாம்?"

அவர் இறப்பர் முத்திரையை எடுத்து மேசை ஓரத்தில் வைத்தார். பிறகு போகச் சொல்லிவிட்டார்.

அடுத்த நாள் அக்கா, "விறகுக்குப் போற மாதிரி வா, வெள்ளண போவம்" என்று கூட்டிப்போனா. பனி இன்னும் விலகவில்லை. வயல் வட்டையைத் தாண்டி, குளக்கட்டோடு பற்றைக்குள் இறங்கியதும் கேட்டது. அதுவரை நான் அந்தக் குருவியைத் தட்டெழுத்தில் மட்டும் அறிந்தவள். "இனிய, நீண்ட, பலவகைப்பட்ட குரல்" என்று எத்தனையோ தரம் அடித்திருக்கிறேன். அடித்ததற்கு வெட்கப்பட்டேன். முதலில் மெல்ல ஒரு சீழ்க்கை, பிறகு மேலே போய், வேறு குருவிகளின் குரலை எடுத்துப் பகடி பண்ணி, மறுகாத் தன் குரலுக்கே திரும்பி இறங்கியது. அது முடிய வாய்க்காலுக்கு அங்காலிருந்து இன்னொன்று பதில் சொன்னது. பிறகு இன்னொன்று. காடெல்லாம் அதுதான்.

பென்சிலை எடுத்தேன். முதல் புள்ளி குளக்கட்டுப் பற்றை. அக்கா மெல்லச் சொன்னா, "அதுக்குப் பின்னால வாகரைப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து வந்த சனம் குடிசை போட்டிருக்கு." வைக்கவில்லை. இரண்டாவது, பாலை மரத்தடி. அங்கே ஒரு பதுங்குகுழியும் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிற கொட்டிலும் இருந்தன. மூன்றாவது எங்கே என்று நான் கேட்க, அக்கா வேறு பக்கம் பார்த்து விறகு பொறுக்கினா. அது பொறுப்பாளரின் ஆட்கள் இருந்த இடம் என்று விளங்கிக்கொண்டேன். அவர்களுக்கும் தாய் தகப்பன் இருக்கிறார்கள்.

அடர்ந்த பற்றை எங்கேயோ அங்கே குருவி. அடர்ந்த பற்றை எங்கேயோ அங்கேதான் ஷெல்லுக்குப் பயந்த சனமும். நான் எங்கே புள்ளி வைத்தாலும் அதன் கீழே யாரோ ஒருவர் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார். ஷெல் அடிக்கிறவனுக்குப் புள்ளி போதும், கீழே என்ன இருக்கிறது என்று கேட்க மாட்டான்.

அந்தக் குளக்கட்டில் இருந்து அழுதேன். ஒரு பக்கம் சேர், சரசக்காவின் சோற்றுப் பார்சல், அந்த இழுப்பு. மறுபக்கம் இந்தச் சனம். குருவியோ ஒன்றும் தெரியாமல் பாடிக்கொண்டிருந்தது. எனக்கு அதன் மேல் கோபம் கோபமாக வந்தது. கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு இருந்தால் என்ன?

அக்கா விறகைக் கட்டினா. நான் பென்சிலைக் கொண்டைக்குள் செருகினேன்.

6. காரணம் என்ன என்ற கேள்வி

வெள்ளிக்கிழமை கெப்டனின் மேசையில் என் அறிக்கையை வைத்தேன். கரிச்சான்: பரவலாக உள்ளது. சோலைப்பாடி: தேடப்பட்டது, இல்லை. வரைபடத்தின் மேற்குப் பாதி வெறும் வெள்ளை.

"முழுப் படுவான்கரையிலயும் ஒண்டும் இல்லையா?"

"இந்தச் சாதி ஒண்டும் இல்ல சேர்."

"ஏன் இல்ல?"

"அங்க விழுற ஷெல்லுக்குள்ள ஆர் சேர் இருந்து பாடுற?"

கெப்டனின் முகம் இறுகியது. ஆனால் அறிக்கையில் 'குறைந்ததற்குக் காரணம்' என்ற இடத்தில் நான் உண்மையாகவே 'ஷெல் வீச்சு' என்று தட்டெழுதியிருந்தேன். அது கொழும்புக்குப் போகும், அங்கிருந்து வெளிநாட்டு மாநாட்டுக்குப் போகும். கெப்டன் அதை இரண்டு தரம் வாசித்தார்.

"இத மாத்துங்க. மரம் வெட்டுறது எண்டு எழுதுங்க."

"மரம் வெட்டினாத் தண்டம் எண்டு அங்க உள்ளவங்க சொல்றாங்க சேர். அப்பிடி எழுதினா அவங்க என்னை விடமாட்டாங்க. அக்கா அங்க இரிக்கா."

"அப்ப என்ன எழுதுவீங்க?"

"ஆராயப்பட வேண்டும்."

கெப்டன் யோசித்தார். குற்றம் யார் மேலும் விழவில்லை, வேலையும் முடிந்துவிட்டது. அவரும் அரசாங்க உத்தியோகத்தர்தானே. தலையாட்டினார். அன்றிலிருந்து இன்றுவரை எங்கள் துறையின் அறிக்கைகளில் அந்த இரண்டு சொல்லைக் காணும்போதெல்லாம், அங்கே இரண்டு துவக்குக்கு நடுவில் ஒரு தட்டெழுத்தாளர் இருந்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

"ஆளக் கொண்டு வாங்க" என்றார் கெப்டன். "கணக்கெடுத்தவர் கையெழுத்து வெச்சா சரி."

7. கையெழுத்து

சேரைக் கொண்டுவந்தார்கள். ஒரு கிழமையில் இன்னும் பாதியாகிவிட்டார். மூச்சு இழுத்தது. கண்ணாடியின் ஒரு பக்கம் வெடித்திருந்தது. அந்தக் கண்ணாடியோடு அறிக்கையைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தார். ஒரு வார்த்தையையும் விடவில்லை. வைச்சிட்டு வாங்களேன் மனுசா என்று எனக்குள் கத்தினேன்.

"மிஸ், இது பிழை" என்றார்.

சரசக்கா சுவரைப் பிடித்துக்கொண்டா.

"என்ன பிழை?" என்றார் கெப்டன், கதிரையை முன்னுக்கு இழுத்து.

"இல்லை எண்டு போட்டிருக்கு. அப்பிடிப் போட ஏலாது. எத்தனை இடத்தில நிண்டு கேட்டது? காற்று எப்பிடி? இந்த மாதத்தில அது முழுக்கப் பாடுமா, குறைச்சுப் பாடுமா? ஒருத்தர் போய்க் குரல் கேட்காம வந்தா, கேட்கல்ல எண்டுதான் எழுதோணும். ஒரு உயிர இல்ல எண்டு சொல்ல நமக்கு என்ன அதிகாரம்?"

"ரெண்டும் ஒண்டுதானே?" என்றார் கெப்டன்.

அது அவர் செய்த பிழை. சேர் ஆங்கிலத்துக்கு மாறினார். காணாமல் இருப்பது வேறு, இல்லாமல் இருப்பது வேறு என்று தொடங்கினார். ஒரு இனம் ஓர் இடத்தில் அற்றுப்போனது என்று சொல்ல எத்தனை பருவம் தேட வேண்டும், எப்படித் தேட வேண்டும், தேடியவரின் காது எப்படி இருக்க வேண்டும் என்று இருமி இருமிச் சொன்னார். கரிச்சானை எண்ணுவது சுகம், அது தன்னைக் காட்டிக்கொள்ளும். சோலைப்பாடி அப்படியில்லை. ஆகவே கரிச்சான் கூடவும் சோலைப்பாடி குறையவும் கணக்கில் தெரிவது குருவியின் குறையாக இல்லாமல், எண்ணுகிறவனின் குறையாகவும் இருக்கலாம். இதை விளங்காமல் இரண்டையும் ஒப்பிட்டு நிலை போடுவது முட்டாள்தனம். கெப்டன் இடையில் இரண்டு தரம் வாய் திறந்தார், சேர் கையைக் காட்டி இருக்கச் சொன்னார். வாசலில் நின்ற சிப்பாய் சுவரில் சாய்ந்துவிட்டான்.

கடைசியில், "இதில நான் கையெழுத்து வைக்க மாட்டன்" என்றார் சேர். "கொழும்புக்கு அனுப்புறதெண்டா அனுப்புங்க."

சரசக்கா பேசினா, கெப்டனைப் பார்க்காமல், சேரைப் பார்த்து. "அந்தக் குருவிக்கு இரிக்கிற பெறுமதி எனக்கு இல்ல. அப்பிடித்தானே?"

சேர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் பேனையை எடுக்கவில்லை.

கெப்டன் நெற்றியைத் தடவினார். வரைபடத்தைச் சுருட்டித் தன் லாச்சிக்குள் வைத்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

"மிஸ், இவரக் கூட்டிட்டுப் போங்க. உளவாளி எண்டா எப்பவோ கையெழுத்து வெச்சிருப்பான்."

நான் அப்போதே 'இல்லை' என்ற சொல்லைக் கோடிட்டு வெட்டி, மேலே 'கேட்கவில்லை' என்று எழுதினேன். சேர் அதை வாசித்துப் பார்த்து, திருப்தியோடு கையெழுத்து வைத்தார். விடுதலையான பிறகு.

8. பிள்ளைகளுக்கு

தலைமைக் கந்தோர் அந்த அறிக்கையைப் பாராட்டியது. அச்சில் வந்தபோது 'கேட்கவில்லை' என்பது 'மட்டக்களப்பில் அற்றுப்போயிருக்கலாம்' என்று ஆகியிருந்தது. மூன்று மொழி தாண்டும்போது ஒரு குருவி செத்துப்போனது. உண்மையில் இரண்டு குருவிக்கும் அந்த வருடங்கள் நல்ல வருடங்கள். ஒன்றுக்கு உடைந்த சுவர் கிடைத்தது, மற்றதுக்கு யாரும் வெட்ட வராத காடு கிடைத்தது. அருகிப்போன இனம் எது என்று எந்தச் சுற்றறிக்கையும் கேட்கவில்லை.

ஆகவே பழைய புத்தகங்களில் ஒரு இடத்தில் ஒரு உயிர் இல்லை என்று வாசித்தால், போனது யார், யாருடைய அனுமதியோடு போனார், வந்து யாருக்கு முன்னால் நின்று எழுதினார் என்று கேளுங்கள். காது இருக்கிறதுதானே, போய்க் கேட்டுவிட்டு எழுதுங்கள். நான் சொல்லக்கூடிய பாடம் அவ்வளவுதான்.

அன்றைக்கு முகாம் வாசலால் வெளியே வந்து, நாங்கள் மூன்று பேரும் வாவிக் கரை வீதியால் நடந்தோம். சரசக்கா சேரோடு கதைக்கவில்லை, ஆனால் அவருடைய கையை விடவும் இல்லை. கொஞ்சத் தூரம் போனதும் சேர் நின்றார். மூச்சு எடுக்க நிற்கிறார் என்று நினைத்தேன்.

"மிஸ், உண்மையாவே கேட்கல்லையா?"

பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் மனுசன் திரும்பி முகாமுக்குள் போய் அறிக்கையைத் திருத்தித் தாருங்கள் என்று கேட்பார் என்றும் பயம். சரசக்கா அவருடைய கையை இன்னும் இறுக்கிப் பிடித்தா.

"கேட்டன் சேர்" என்றேன். "காடெல்லாம் கேட்டுது. எண்ணி முடியல்ல. கீழ சனம் இருந்துது, அதான் புள்ளி வைக்கல்ல."

சேர் வாவிக்கு அங்கால் பக்கம் பார்த்தார். பிறகு வெடித்த கண்ணாடியைக் கழற்றிச் சேட்டு நுனியில் துடைத்தார்.

"அப்ப நல்லா இரிக்கிதுகள்" என்றார். "வாங்க, வீட்ட போவம்."